சைலன்சரை அறுத்தா பவர் ஏறுமா? பழைய டூ-ஸ்ட்ரோக் போட் எஞ்சினும் கரையோரக் கணக்கும்!

ஆர்.எக்ஸ். 100 தெருமுனையில் திரும்பும்போதே, 'வர்றது யாரு'ன்னு சத்தத்தை வெச்சே சொல்லிவிடுகிற ஒரு தலைமுறை நம்மூரில் உண்டு. 1985-ல் இந்தியாவுக்கு வந்து, 1996-ல் தயாரிப்பு நின்றுபோன அந்த பைக்குக்கு இன்றைக்கும் மவுசு குறையவில்லை. அதைப் பிரித்து மேய்ந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் ஒரு பாடம் மனப்பாடம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சைலன்சரைத் தொட்டால், எஞ்சினின் குணமே மாறிவிடும்.

ஃபைபர் படகின் பின்பக்கம் தொங்குகிற அவுட்போர்ட் எஞ்சினும் அதே டூ-ஸ்ட்ரோக் வம்சம்தான். பத்து, பதினைந்து வருஷம் உப்புத் தண்ணியில் உழைத்த எஞ்சினை ஒருநாள் வேலைக்கு இறக்குவார்கள். சிலிண்டரை போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், பேரிங், சீல் எல்லாம் மாற்றுவார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும். "இவ்வளவு செலவு பண்றோம்... அப்படியே சைலன்சரையும் கொஞ்சம் ஓபன் பண்ணிட்டா பவர் கூடுமாண்ணே?"

கேட்கிறவர் மேல் தப்பில்லை. எரிபொருள் விற்கிற விலையில், அதே எண்ணெய்க்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? புது எஞ்சின் வாங்கலாம் என்றால் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு பைக்கில் கிடைக்கிற பதில் வேறு, படகில் கிடைக்கிற பதில் வேறு. அந்த வித்தியாசம் புரியாமல் கை வைத்தால் பணமும் போகும், நடுக்கடலில் எஞ்சினும் நிற்கும்.

உலகம் மூடிய கதவு

முதலில், இந்தப் பழைய எஞ்சினை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? புதுசுக்குப் போய்விடலாமே? இதற்குப் பதில் தெரிந்தால்தான் சைலன்சர் கதையும் புரியும்.

பணக்கார நாடுகள் கார்பரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்ட்டுக்கு எப்போதோ கதவைச் சாத்திவிட்டன. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-ல் ஒரு விதி கொண்டுவந்தது. 1998-ல் தொடங்கி 2006-க்குள், புது அவுட்போர்ட்டுகள் வெளியே தள்ளும் ஹைட்ரோகார்பனை 75 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்பதுதான் அது. கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் இருக்கும் டாஹோ ஏரியில் 1999 ஜூன் முதல் தேதியிலிருந்தே கார்பரேட்டர் டூ-ஸ்ட்ரோக்குக்குத் தடை. ஆஸ்திரேலியாவும் தன் பங்குக்கு 2018-ல் இறக்குமதியையும், 2019-ல் விற்பனையையும் புது மாசு விதிக்குள் கொண்டுவந்தது. எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நவீன டூ-ஸ்ட்ரோக்கோடு கடைசிவரை மல்லுக்கு நின்ற எவின்ரூட் பிராண்டையும், அதன் தாய் நிறுவனமான பி.ஆர்.பி. 2020 மே மாதம் மூடிவிட்டது.

நம் கரையில் கதை வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. படகுக்கு ஏற்ற எஞ்சின் வேண்டுமே? பல ஊர்களில் டீசலில் ஓடும் நீளவால் எஞ்சின். தெற்குக் கரையிலும் கேரளத்திலும் இலங்கையின் வடக்கிலும் யமஹா, சுஸுகி மாதிரியான அவுட்போர்ட்டுகள். இவற்றில் பல, பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுபவை.

மீனவர் இதை விடாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் சுமார் 36 கிலோ. அதே திறனில் ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் 50 கிலோவைத் தாண்டும். தினமும் எஞ்சினைத் தோளில் தூக்கி மணலில் நடக்கிறவருக்கு அந்த 14 கிலோ சும்மா இல்லை. டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. கரையிலேயே பிரித்து, கரையிலேயே கோத்துவிடலாம். அதனால்தான் வேறு நாடுகளில் மியூசியத்துக்குப் போகிற எஞ்சின், இங்கே மூன்றாவது தடவை போர் அடிக்கப்பட்டு மறுபடி அலைக்கு இறங்குகிறது.

எஞ்சினுக்குள்ள என்னதான் நடக்குது?

டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன்தான் வாட்ச்மேன். சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகளை அதுவே மேலும் கீழும் போய்த் திறக்கும், மூடும். கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கிறது. எரிந்த புகை வெளியே ஓடுகிறது. அடுத்த நொடித்துளியில் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து, காற்றும் எண்ணெயும் கலந்த புதுச் சரக்கு உள்ளே வருகிறது.

சிக்கல் இங்கேதான். புதுச் சரக்கு உள்ளே வரும்போது வெளியே போகிற வாசலும் திறந்தே கிடக்கிறது. வந்த விருந்தாளியில் ஒரு பகுதி, வந்த வேகத்தில் பின்வாசல் வழியே போய்விடும். கார்பரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக்கில் இப்படி எரியாமலே வெளியேறும் எரிபொருள் 25 முதல் 30 சதவிகிதம்வரை போகலாம் என்பது பல வருஷமாகச் சொல்லப்படும் கணக்கு. நாலு லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் கடலுக்கு!

இந்த ஓட்டத்தைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் வால்டர் காடென். அன்றைய கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். பைக் ரேஸ் டீமின் இன்ஜினீயர். எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும்போது குழாய்க்குள் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. குழாய் அகலமாக விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, மிச்சப் புகையை வெளியே இழுக்கும். குழாய் மறுபடி குறுகும் இடத்தில் அது தள்ளும் அலையாகத் திரும்பி வந்து, வெளியே ஓடப் பார்த்த புதுச் சரக்கை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். கதவே இல்லாத வாசலுக்கு அலையையே கதவாக்கிய வித்தை இது. இதைத்தான் எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்கிறோம். ஆர்.எக்ஸ். 100-ன் சைலன்சருக்குள்ளும் இருப்பது இதே தத்துவம்தான்.

1961-ல் காடெனின் ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் கிராண்ட் பிரீ சமயத்தில் மேற்குப் பக்கம் தப்பிப் போனார். சேர்ந்த இடம், ஜப்பானின் சுஸுகி. கூடவே இந்த வித்தையும் போனது. அடுத்த வருஷமே 50 சி.சி. உலக சாம்பியன் பட்டம் சுஸுகிக்கு, ஓட்டியவர் டெக்னர். யமஹா 1960-லும் சுஸுகி 1965-லும் அவுட்போர்ட் தயாரிப்பில் இறங்கின. பைக்கும் படகு எஞ்சினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது இதனால்தான்.

அப்படியென்றால் ஆர்.எக்ஸ். 100-க்குச் செய்கிற மாதிரி படகு எஞ்சினுக்கும் ஒரு நல்ல பைப் மாட்டிவிடலாமே?

ஒன்றரை மீட்டர் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிஷத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 12 மில்லி செகண்ட். எக்ஸாஸ்ட் போர்ட் ஏறக்குறைய பாதிச் சுற்றுக்குத் திறந்திருக்கும், அதாவது 6 மில்லி செகண்ட். சூடான புகையில் அழுத்த அலை தோராயமாக நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் ஓடும். 6 மில்லி செகண்டில் 3 மீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் குழாயின் நீளம் ஒன்றரை மீட்டர் வேண்டும்!

பைக் எஞ்சின் 8,000 சுற்றுக்கு மேல் சுற்றுவதால், அதே கணக்கில் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. பைக்கின் பக்கவாட்டில் இடமும் இருக்கிறது. அவுட்போர்ட்டில் ஒன்றரை மீட்டர் குழாயை எங்கே ஒளித்துவைப்பது? தலையில் எஞ்சின், நடுவில் ஒரு கால், அடியில் புரொப்பல்லர். அந்தக் காலின் மொத்த உயரமே அவ்வளவு வராது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பைக் சைலன்சர் காற்றில் ஆறும். படகு எஞ்சினின் புகைக் குழாயில் எஞ்சினைக் குளிர்வித்த கடல்தண்ணியும் வந்து கலக்கிறது. புகை குளிர்ந்தால் அலையின் வேகம் குறையும். கணக்கு மாறும். எவ்வளவு தண்ணி, எந்த இடத்தில் கலக்கிறது என்பதைப் பொறுத்து டியூனிங்கே தடம் மாறிவிடும்.

கம்பெனிக்காரர்கள் இதற்கு வேறு வழி பார்த்தார்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினில் 120 டிகிரிக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் வெடிக்கும். முதல் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட் மூடப்போகிற நேரத்தில், அடுத்த சிலிண்டரின் போர்ட் திறந்து ஓர் அழுத்த அலையை அனுப்பும். அந்த அலை வந்து, முதல் சிலிண்டரின் வாசலை அடைத்துப் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போகிற மாதிரி! மூன்று சிலிண்டரும், அதன் இரட்டைப் பிறவியான வி-6 எஞ்சினும் நீளக் குழாய் இல்லாமலே நன்றாக இழுக்க இது ஒரு காரணம்.

ஆனால் நம் கரையில் அதிகம் காணும் 8, 9.9, 15 குதிரைத்திறன் எஞ்சின்களில் இரண்டே சிலிண்டர். 180 டிகிரி இடைவெளி. ஒன்றின் அலை மற்றொன்றுக்கு வந்து சேர்வதற்குள் அதன் போர்ட் மூடிவிடும். இந்த உதவி இங்கே கிடையாது. காலுக்குள் இருக்கிற குழாயின் நீளம், அதன் விரிவு, சுற்றியுள்ள வெற்றிடத்தின் கொள்ளளவு, இதை வைத்துத்தான் கம்பெனி ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறது. அந்தச் சமரசத்தைத்தான் நாம் அறுக்கப் பார்க்கிறோம்.

அறுத்தால் என்ன ஆகும்?

அவுட்போர்ட்டின் புகை, எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு பிளேட் வழியாக இறங்கி, உள்குழாய்க்குள் நுழைந்து, காலுக்குள் பரவி, கடைசியில் தண்ணிக்கு அடியில் புரொப்பல்லரின் நடு வழியாகவோ அதன் அருகிலோ வெளியேறுகிறது. படகு வேகமாக ஓடும்போது, பின்னால் உருவாகும் உறிஞ்சல் புகையை இழுத்துக்கொள்ளும். ஐடிலில் அந்த இழுப்பு கிடையாது. தலைக்கு மேல் நிற்கும் தண்ணியைத் தள்ளிக்கொண்டு வர, மெதுவாகச் சுற்றும் எஞ்சினுக்குத் தெம்பு போதாது. அதற்காகத்தான் தண்ணி மட்டத்துக்கு மேலே சின்னதாக ஒரு ரிலீஃப் ஓட்டை வைத்திருக்கிறார்கள்.

இப்போது உள்குழாயை வெட்டிக் குட்டையாக்குகிறோம், அல்லது காலில் பெரிய ஓட்டை போட்டுப் புகையை மேலேயே விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நடப்பது, சத்தம் ஏறும். சத்தம் ஏறியதும் 'எஞ்சின் சும்மா கிழிக்குது'ன்னு தோணும். காது சொல்கிற சாட்சி இது. கடலில் அதே சுமையோடு, அதே புரொப்பல்லரோடு, டாக்கோமீட்டர் வைத்து ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது, இழுவை. வலை, ஐஸ், ஆட்கள், மீன் எல்லாம் ஏற்றிய படகுக்கு வேண்டியது உச்ச வேகத்தில் கிடைக்கும் குதிரைத்திறன் அல்ல, நடு வேகத்தில் கிடைக்கும் முறுக்கு. திரும்பி வரும் அலையைக் கெடுத்தால் அடி வாங்குவது பெரும்பாலும் அந்த நடு வேகம்தான். சிலிண்டரில் தங்க வேண்டிய சரக்கு இன்னும் கொஞ்சம் வெளியே ஓடும். எண்ணெய் மிச்சம் பிடிக்க ஆரம்பித்த வேலை, எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கிற வேலையாக முடியும்.

மூன்றாவது, லீன் ஆவது. புகை போகும் வழியை மாற்றினால், எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவும் மாறும். கார்பரேட்டர் ஜெட்டைப் பழைய அளவிலேயே விட்டால், சில வேகங்களில் எண்ணெய் குறைந்து காற்று கூடும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் அந்த எண்ணெயோடுதான் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும், அதே நேரம் உயவும் குறையும். புதுசாகப் போட்ட பிஸ்டன் சீஸ் ஆக இது போதும்.

நான்காவதுதான் ரொம்ப மோசம். உள்குழாயின் நீளம் புகைக்காக மட்டும் வைத்ததல்ல. கடல்தண்ணி மேலே ஏறி எக்ஸாஸ்ட் போர்ட்டைத் தொடாமல் இருக்கவும்தான். ஓடிக்கொண்டிருக்கும் படகில் திடீரென்று திராட்டிலை மூடினால், பின்னால் வரும் அலை காலுக்குள் ஏறும். பிஸ்டன் நகர்வில் உண்டாகும் உறிஞ்சலும் சேர்ந்தால், குட்டையான குழாய் வழியே உப்புத் தண்ணி சிலிண்டருக்குள் போய்விடும். போனால் கிராங்க் பேரிங் துரு ஏறும். கொஞ்சம் அதிகமாகப் போனால், அடுத்த உதையிலேயே கனெக்டிங் ராட் வளையும். கரையில் என்றால் செலவு, அவ்வளவுதான். பத்துக் கடல் மைல் தூரத்தில், காற்று மாறுகிற நேரத்தில் என்றால்?

ஐந்தாவது, புகை. மேலே ஓட்டை போட்டு விட்ட புகை மூடிக்குள் புகுந்தால், எஞ்சின் தன் புகையையே மறுபடி சுவாசிக்கும். திணறும். மெதுவாகப் போகும்போது அந்தப் புகை படகின் பின்பக்கமே சுழன்று, சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கும் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

காதையும் விட்டுவிட முடியாது. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்று அமெரிக்காவின் தொழில்சார் ஆரோக்கிய ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. சைலன்சர் அறுத்த எஞ்சினுக்குக் கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் கடலுக்குப் போகிறவருக்கு இது வெறும் எண் இல்லை. கரையில் கூப்பிட்டால் காது கேட்காத வயசாளிகளை எந்த மீனவ ஊரிலும் பார்க்கலாம்.

அப்போ வேலைக்கு இறக்கும்போது என்ன செய்யலாம்?

பவரைத் தேடி எங்கேயோ போக வேண்டாம். தொலைந்துபோன பவர் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பக்கமே ஒளிந்திருக்கும்.

* கார்பன்: மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் கரி அதிகம் படியும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் ஓரம், பிஸ்டன் தலை, உள்குழாய் என எல்லா இடத்திலும் வழி சுருங்கிப்போயிருக்கும். அலுமினியத்தைக் கீறாமல் சுரண்டிச் சுத்தம் செய்தாலே எஞ்சின் 'மூச்சு விடும்'.

* எக்ஸாஸ்ட் கவரும் பிளேட்டும்: புகை ஓடும் வழிக்கும் தண்ணி ஓடும் வழிக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய அலுமினியச் சுவர்தான். உப்பு அரித்து ஊசித்துளை விழுந்தால், தண்ணி சிலிண்டருக்குப் போகும். பிரித்ததும் பிஸ்டன்களைப் பாருங்கள். ஒன்றில் கரி படிந்து, மற்றொன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அங்கே தண்ணி நுழைகிறது. அதைச் சரிசெய்யாமல் புது பிஸ்டன் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெயின்ட் அடிக்கிற கதை.

* கேஸ்கட், போல்ட்: பழைய கேஸ்கட்டையே திரும்பப் போடுவது, அட்டை வெட்டி ஒப்பேற்றுவது இரண்டும் வேண்டாம். அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் வருஷக்கணக்கில் உப்போடு இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு முறுக்கினால் தலை ஒடியும். சூடு காட்டி, பொறுமையாகத்தான் கழற்ற வேண்டும். கோக்கும்போது மெரைன் கிரீஸ் தடவி, சொன்ன டார்க்கில் முறுக்குவது நல்லது.

* உள்குழாய்: அடிப்பக்கம் அரித்துப்போய்த் தானாகவே குட்டையாகியிருந்தால் ஒரிஜினல் நீளத்துக்கு மாற்ற வேண்டும். அறுக்கிற வேலையை உப்பு ஏற்கெனவே செய்து முடித்திருக்கும் பல எஞ்சின்களில்!

* ரிலீஃப் ஓட்டை: ஐடிலில் எஞ்சின் நிற்கிறது என்று கார்பரேட்டரை நாலு தடவை பிரிப்பதற்கு முன்னால், இந்த ஓட்டை கரியும் உப்பும் சேர்ந்து அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பெரிதாக்க வேண்டாம். திறந்திருந்தால் போதும்.

* போர்ட்டின் விளிம்பு: போர் அடித்த பிறகு போர்ட்டின் ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். ரிங் அதில் மாட்டி உடையும். விளிம்பை லேசாக மழுக்கிவிடுவது கட்டாயம். ஆனால் போர்ட்டை மேலே உயர்த்துவதோ அகலப்படுத்துவதோ வேறு விஷயம். உயர்த்தினால் பவர் மேல் வேகத்துக்கு ஓடிவிடும், இழுவை போகும். அகலமாக்கினால் ரிங் வெளியே பிதுங்கி மாட்டும்.

* தண்ணி பம்ப்: இம்பெல்லரை மாற்றாமல் எஞ்சினைக் கோக்கக் கூடாது. பக்கவாட்டில் தண்ணி நன்றாகப் பீய்ச்சுகிறதா என்பதுதான் புது பிஸ்டனின் ஆயுள் ரேகை.

கடைசியாக ஒன்று, புரொப்பல்லர். எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன முழு திராட்டில் சுற்று இத்தனை என்று கையேட்டில் இருக்கும். சிறிய அவுட்போர்ட்டுகளில் அது பொதுவாக 4,500 முதல் 5,500 வரை. வழக்கமான சுமையோடு ஓட்டிப் பார்த்து, அந்த எல்லைக்குள் வராமல் கீழேயே திணறினால், பிட்ச் குறைந்த புரொப்பல்லர் மாட்டிப் பார்க்கலாம். 'பவர் இல்லை' என்று தோன்றுகிற பல எஞ்சின்களின் வியாதி, காலின் அடியில் இருக்கும் அந்த மூன்று இலையில்தான்.

ஒரு லிட்டர் யாருடையது?

இத்தனை நேரம் ஒரு மெக்கானிக் கடைச் சமாச்சாரமாகத் தெரிந்தது, உண்மையில் ஒரு பொருளாதாரக் கேள்வி.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில், ஒரே இரவில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. சிறு படகுக்காரர்களுக்கு அது விலையேற்றமாகத் தெரியவில்லை, தொழிலுக்குப் போடும் பூட்டாகவே தெரிந்தது. கேரளத்திலும் மண்ணெண்ணெய் விலை மீனவர்களை வாட்டி, பெட்ரோல், டீசல், எல்.பி.ஜி. பக்கம் நகரும் முயற்சிகள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் அவுட்போர்ட் படகுகளுக்கு மானிய விலையில் மண்ணெண்ணெய் உண்டு. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், அந்த அளவு வருஷத்துக்கு 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராக உயர்த்தப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

ஒரு சின்ன எஞ்சின் மணிக்கு 5 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3,700 லிட்டர், 740 மணி நேரத்துக்கு வரும். தினம் நாலு மணி நேரம் ஓடினால் 185 நாள். அந்த 5 லிட்டரில் கால் பங்கு எரியாமலே போகிறது என்றால், 185 நாளில் 46 நாளுக்கான எண்ணெய் சும்மா கடலில் கலக்கிறது. எக்ஸாஸ்ட்டை அறுத்து அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால்கூட, மானியமாக வந்த கூடுதல் 300 லிட்டரை நம் கையாலேயே திருப்பிக் கடலில் ஊற்றுகிற மாதிரிதான்.

அரசு எண்ணெய்க்கு மானியம் தருகிறது. எஞ்சின் வாங்க மானியம் தருகிறது. இரண்டும் தேவைதான். ஆனால் அந்த எஞ்சின் பத்து வருஷம் ஒழுங்காக ஓடுவது, கரையில் இருக்கும் மெக்கானிக்கின் கையில் இருக்கிறது. அவருக்கு என்ன தருகிறோம்? கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃப்நெட் நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. மீன்பிடிக் கப்பல்களுக்கான மாலுமிகளையும் மெரைன் ஃபிட்டர்களையும் அங்கே உருவாக்குகிறார்கள். அதே அக்கறை, ஃபைபர் படகின் பின்னால் தொங்கும் சின்ன எஞ்சினுக்கும் வர வேண்டும். ஒரு மீன்பிடி இறங்குதளத்துக்கு ஒரு கம்ப்ரஷன் கேஜ், ஒரு டார்க் ரென்ச், ஒரு டாக்கோமீட்டர். கூட்டுறவுச் சங்கத்தில் ஒரிஜினல் கேஸ்கட்டும் உள்குழாயும் நியாய விலையில். தமிழிலேயே ஒரு சர்வீஸ் கையேடு. புது எஞ்சின்களுக்குத் தரும் மானியத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு.

'அதான் ஃபோர்-ஸ்ட்ரோக் வருதே, எலெக்ட்ரிக் வருதே'ன்னு கேட்கலாம். வரட்டும், வர வேண்டியதுதான். கடலுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. ஆனால் அவை தோளில் தூக்குகிற எடைக்கும் கையில் இருக்கிற காசுக்கும் வந்து சேரும் வரை, இந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக்தான் அடுப்பெரிய வைக்கப்போகிறது. அதுவரை அதை ஒழுங்காக ஓட்டுவதுதான் சுற்றுச்சூழலுக்கும் பர்ஸுக்கும் நாம் செய்யக்கூடிய உடனடி உதவி.

ஆகவே, அடுத்த முறை எஞ்சினை வேலைக்கு இறக்கும்போது "சைலன்சரை ஓபன் பண்ணிடலாமா?" என்று யாராவது கேட்டால், "முதல்ல அதை ஒரிஜினலா இருந்த மாதிரி ஆக்குங்கண்ணே, மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பாதி எஞ்சின்களுக்கு அந்த 'அப்புறம்' தேவையே படாது.